இக்னிஷன் காயிலும் ஸ்பார்க் பிளக்கும்: மதுரை வட்டாரக் கார் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெட்ரோல் கார் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகிறது என்ற புகாரோடு பட்டறைக்குப் போனால், எந்தச் சோதனையும் செய்யாமலே நான்கு காயில்களையும் மாற்றிவிடலாம் என்று சொல்லும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறோம். சில நேரம் அதனால் பழுது தீரும். பல நேரம் பணம் போன பிறகும் வண்டி திக்கிக்கொண்டே இருக்கும். எந்தச் சிலிண்டர், எந்த உறுப்பு என்பதைச் சோதித்து நிரூபித்த பிறகே காயிலுக்குச் செலவு செய்ய வேண்டும், அதற்கும் முன்பு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதே கீழே உள்ள பதில்கள் அனைத்துக்கும் அடிப்படை.

காயிலும் பிளக்கும் எஞ்சினுக்குள் என்ன வேலை செய்கின்றன?

காரின் பேட்டரி தருவது 12 வோல்ட். பிஸ்டன் அழுத்திப் பிடித்திருக்கும் காற்று, பெட்ரோல் கலவைக்குள் ஒரு பொறி பாய வேண்டுமானால் அதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். அந்த வேலையைச் செய்வது இக்னிஷன் காயில். அதற்குள் தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகளைக் கொண்ட ஒரு சுருளும், மிக மெல்லிய கம்பியில் ஏறத்தாழ நூறு மடங்கு அதிகச் சுற்றுகளைக் கொண்ட மற்றொரு சுருளும் ஒரே இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்டிருக்கின்றன. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, தடித்த சுருளில் சில மில்லி விநாடிகள் மின்னோட்டத்தை ஓடவிட்டுச் சட்டென்று துண்டிக்கிறது. அந்தக் கணத்தில் காந்தப்புலம் சரிந்து, மெல்லிய சுருளில் 20,000 முதல் 40,000 வோல்ட் வரை எழக்கூடிய மின்னழுத்தம் உருவாகிறது. அது பிளக்கின் நடு முனையிலிருந்து ஓர முனைக்குத் தாவும்போதுதான் பொறி பிறக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். காயில் ஒவ்வொரு முறையும் தன் முழுத் திறனைக் காட்டுவதில்லை. பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு மின்னழுத்தம் தேவையோ அவ்வளவுக்குத்தான் அது ஏறும். பிளக் தேய்ந்து இடைவெளி அகல அகல, காயில் மேலும் மேலும் ஏற வேண்டியிருக்கிறது. ஒரு நாள் அதன் உள் காப்புப் பூச்சு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் உடைகிறது. மாற்றாமல் விட்ட பிளக்தான் பல காயில்களின் சாவுக்குக் காரணம்.

தேய்மானத்தின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது மணிக்கு 90,000 முறை பொறி விடுகிறது.

என் கார் டீசல். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதால் ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் கிடையா. அதில் இருக்கும் குளோ பிளக், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சூடேற்றி மட்டுமே.

மிஸ் அடிக்கிறது என்பதை எப்படி அடையாளம் காண்பது?

வண்டி நிற்கும்போது ஐடிலிங்கில் ஒரே சீரான அதிர்வு இல்லாமல், தாளம் தப்பியதுபோல ஓர் உதறல் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் தெரியும். சைலன்சர் வாயருகே நின்று கேட்டால் புகைக்காற்று சீராக வராமல் இடையிடையே விட்டு விட்டு வரும். எரியாத பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வரலாம். ஓடும்போது பிக்கப் குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்காமல் குலுங்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் நின்றால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுவதால் கோளாறு உடனே தெரிந்துவிடும். நான்கு சிலிண்டர் வண்டியில் அவ்வப்போது மட்டும் வரும் மிஸ் பல வாரங்கள்கூடக் கவனத்துக்கு வராமல் போகலாம், பெட்ரோல் செலவு கூடுவது ஒன்றே அறிகுறியாக இருக்கலாம்.

ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது மட்டும் வண்டி குலுங்குகிறது. ஏன்?

பொறி பாய்வதற்குத் தேவையான மின்னழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலிண்டருக்குள் கலவையின் அழுத்தம் கூடும்போது அந்தத் தேவையும் கூடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கையில் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போதுதான் சிலிண்டருக்குள் காற்று நிறைய அடைந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. மலைப்பாதையில், ஆள் நிறைந்த வண்டியை, கியர் குறைக்காமல் வளைவிலிருந்து மேலே இழுக்கும்போது நடப்பது சரியாக இதுவே. மாசி வீதிகளில் ஊர்ந்து போகும்போது பத்தாயிரம் வோல்ட் அளவில் வேலையை முடித்துக்கொண்ட காயிலிடம் மலை ஏற்றம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கைக் கேட்கிறது. தேய்ந்த பிளக்கோ, விரிசல் விட்ட காயிலோ, காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறை வெடித்திருந்தால் அதுவோ அப்போது காட்டிக்கொடுத்துவிடும். நடு முனைக்குப் போக வேண்டிய மின்சாரம், எளிய வழியைத் தேடி உறையின் விரிசல் வழியாக எஞ்சின் உலோகத்துக்குப் பாய்ந்துவிடும்.

மேலே போகப் போகக் காற்று மெலிந்து சிலிண்டர் அழுத்தமும் சற்றுக் குறைவதால், மலை உச்சியை நெருங்கும்போது குலுக்கல் தணிந்ததுபோலத் தோன்றக்கூடும். அதை நம்பி வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இந்தக் குறிப்பு சோதனைக்கும் உதவும். பட்டறை வாசலில் நிறுத்தி எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தால் இவ்வகைக் கோளாறு வெளிப்படாது, ஏனெனில் சுமை இல்லாமல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சிலிண்டர் அழுத்தம் கூடுவதில்லை. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்னால் வண்டிகள் வராத நேரம் பார்த்து, ஒரு மேம்பால ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே மெதுவாக ஏறி மிதித்துக் காட்டுவதே பயன் தரும் சோதனை.

காலையில் நன்றாக ஓடுகிறது. மதிய வெயிலில் கோரிப்பாளையம் நெரிசலில் மாட்டிக்கொண்டால் மட்டும் மிஸ் ஆகிறது. நிழலில் அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது.

இது பிளக்கைவிடக் காயிலின் மீதே ஐயத்தை எழுப்பும் அறிகுறி. நவீன வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினின் சூடு முழுவதும் அதன்மேல் ஏறுகிறது. உள்ளே கம்பியிலோ காப்பிலோ நுண்ணிய விரிசல் இருந்தால், சூட்டில் அது விரிந்து தொடர்பு அறுபடும், ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் சித்திரை, வைகாசி மாதங்களில், காற்றோட்டமே இல்லாத நெரிசலில் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும்போது இக்கோளாறு தலைகாட்டுவது இயல்பே. ஆறிய வண்டியைச் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது முழுமையான சோதனை ஆகாது. கோளாறு வரும் சூட்டிலேயே பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிகிறது. வீடு வரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

விளக்கு நிலையாக எரிவதும் மின்னி மின்னி எரிவதும் ஒன்றல்ல. நிலையாக எரிந்தால் விரைவில் காட்ட வேண்டிய கோளாறு. மின்னினால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் (மிஸ் அடிப்பது) நடந்துகொண்டிருக்கிறது என்று இசியு எச்சரிக்கிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதன் தேன்கூடு போன்ற பீங்கான் உள்ளகத்தை உருக்கிவிடும். அந்தக் கன்வர்ட்டரின் விலை ஒரு காயிலின் விலையைப்போலப் பல மடங்கு. ஆகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துவதே சரி.

கப்பலூர் தாண்டி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு, இழுத்துச் செல்ல வண்டியும் கிடைக்காவிட்டால், கோளாறான சிலிண்டர் எது என்று உறுதியாகத் தெரிந்திருந்து, அதற்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் கனெக்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், எஞ்சினை நிறுத்தி அந்தக் கனெக்டரைக் கழற்றிவிட்டு மெதுவாக அருகில் உள்ள பட்டறை வரை போகலாம். அந்தச் சிலிண்டருக்குள் பெட்ரோல் போகாததால் கன்வர்ட்டர் பிழைக்கும். சில வண்டிகளில் இசியுவே இதைச் செய்துவிடும். நீண்ட தூரம் மிஸ்ஸோடு ஓட்டிவிட்டிருந்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும். ஆயில் அளவுகோலை எடுத்து முகர்ந்து, பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

இசியுவில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 என்று வந்தது. இரண்டாவது காயிலை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

உடனே மாற்ற வேண்டாம். அந்த எண் என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கிராங்க் சுற்றும் வேகத்தை இசியு நுணுக்கமாக அளந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் முறை வரும்போது எதிர்பார்த்த உந்துதல் கிடைக்கவில்லை என்பதை மட்டுமே பி0302 தெரிவிக்கிறது. காயில், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்), கனெக்டர் ஆகிய எதனாலும் அது வரலாம். பி0301 முதல் பி0304 வரை அந்தந்தச் சிலிண்டரின் மிஸ்ஃபயர். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நில்லாமல் மாறி மாறி வருகிறது என்று பொருள், அதற்குப் பெட்ரோல் தரம், காற்றுக்கசிவு போன்ற பொதுக் காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும். பி0351 முதல் பி0354 வரை வந்தால் மட்டுமே காயிலின் மின்சுற்றையே இசியு குறை சொல்கிறது. அப்போதும் கம்பியும் கனெக்டரும் அந்தச் சுற்றில் அடக்கம்.

நிரூபிக்கும் வழி எளிது, காசும் செலவாகாது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு, எந்தச் சூழலில் மிஸ் வந்ததோ அதே சூழலில் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது. காயில் பழுது என்பது நிரூபணமாகிவிட்டது. மீண்டும் பி0302 என்றே வந்தால் அந்தக் காயில் குற்றமற்றது; அடுத்து பிளக்குகளை இடம் மாற்றி இதே சோதனையைச் செய்யுங்கள். பிளக்கையும் பின்தொடரவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன், கம்பி என்று மேலே போக வேண்டும். ஒரே நேரத்தில் காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

எத்தனையாவது சிலிண்டர் என்று எண்ணுவதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கம்தான் முதல் சிலிண்டர். ஓட்டுநரின் பக்கத்திலிருந்து எண்ணும் வழக்கம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

பழைய வண்டிகளில் அமைப்பு வேறு. அம்பாசடர், மாருதி 800 காலத்து டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிகளில் ஒரே காயில்தான் எல்லாச் சிலிண்டருக்கும். அது போனால் ஒரு சிலிண்டர் அல்ல, வண்டியே நின்றுவிடும். அதற்குப் பின் வந்த சில வண்டிகளில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்றும் நான்குமோ, இரண்டும் மூன்றுமோ ஜோடியாக மிஸ் ஆனால் காயிலையும், ஏதேனும் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் பிளக் ஒயரையும் பிளக்கையும் முதலில் பாருங்கள்.

ஸ்கேனர் இல்லாத கிராமத்துப் பட்டறையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐடிலிங்கில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரையோ, அது எட்டாவிட்டால் காயிலுக்குப் போகும் சிறிய கனெக்டரையோ சில விநாடிகள் மட்டும் கழற்றி மாட்டிப் பார்ப்பது பழைய, நல்ல முறை. வேலை செய்யும் சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் மேலும் தள்ளாடும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் ஏற்கெனவே செத்த சிலிண்டர். இந்தச் சோதனையால் இசியுவில் வேறு எண்கள் பதிவாகும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

ஆனால் பிளக்கைக் கழற்றிக் காயிலில் சொருகி, எஞ்சின் மேல் வைத்து, செல்ஃப் அடித்துப் பொறி பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். பிளக் துளை வழியே பெட்ரோல் ஆவி பீச்சிக்கொண்டு வரும் இடத்தில் வெளிப்படையாகப் பொறி விடுவது தீ விபத்துக்கு அழைப்பு. பிளக் உலோகத்தில் சரியாகப் படியாவிட்டால் மின்சாரம் போக வழியின்றிக் காயிலும், சில வேளை இசியுவும் சேதமாகும். இத்தனைக்கும் அந்தச் சோதனை உறுதியான விடையைத் தருவதுமில்லை: வெறும் காற்றில் பளிச்சென்று பாயும் பொறி, சிலிண்டரின் அழுத்தத்துக்குள் பாயாமல் போகலாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் எஞ்சினின் காயில் பக்கம் நெருங்கவே கூடாது.

மல்டிமீட்டரால் காயிலைச் சோதிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இரண்டு பின் கொண்ட எளிய காயிலில் தடித்த சுருள் ஏறத்தாழ அரை ஓம் முதல் இரண்டு ஓம் வரையும், மெல்லிய சுருள் சில ஆயிரம் ஓமும் காட்டும். சரியான அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மூன்று, நான்கு பின் கொண்ட காயில்களுக்குள் டிரான்சிஸ்டர் சுற்று இருப்பதால் இந்த அளவீடு பொருளற்றது. இவற்றில் மீட்டரின் உண்மையான பயன் கனெக்டர் பக்கம்தான்: சாவியை ஆன் செய்ததும் மின்வழங்கல் கம்பியில் பேட்டரி மின்னழுத்தம் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓம் அளவு சரியாக இருப்பதால் மட்டும் காயில் நல்லது என்று ஆகிவிடாது. காப்பில் உள்ள விரிசலை மீட்டர் காட்டாது.

கழற்றிய பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதனால் ஒவ்வொரு பிளக்கையும் எந்தச் சிலிண்டரிலிருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையிலேயே ஒரு துணியின்மேல் வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பும் சாம்பல் நிறமும் கலந்த முனை, நல்ல எரிதலின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அடைத்த ஏர் ஃபில்டர், வலுவற்ற பொறி ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம்; எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடும் குறுந்தூர ஓட்டமும் இதைச் செய்யும். பிளக் முனை தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். வீட்டிலிருந்து கடைவீதி வரை மட்டும் போய்வரும் வண்டி அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. ஈரமாக, பிசுபிசுப்பாக ஆயில் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. வெள்ளையாகக் கொப்புளம் விட்டு, முனை உருகியிருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. காற்று மிகுந்த கலவை, கூலன்ட் கோளாறு, தவறான பிளக் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

பீங்கான் உடலில், உலோகம் தொடங்கும் இடத்தை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் இருந்தால் அஞ்ச வேண்டாம். உயர் மின்னழுத்தம் காற்றில் உள்ள ஆயில் துகள்களை ஈர்த்துப் படியவைப்பதால் வரும் கறை அது. கேஸ் கசிவு அல்ல. ஆனால் பீங்கானின்மேல் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அங்கே பொறி வெளிப்புறமாகத் தாவியிருக்கிறது. அந்தப் பிளக்கோடு, அதற்கு எதிரே காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே கோடு பதிந்திருக்கும். புதுப் பிளக்கைப் போட்டுப் பழைய உறையையே மாட்டினால் கோடு வழியாக மீண்டும் கசியும். உறை தனியாகக் கிடைத்தால் உறையையும், கிடைக்காவிட்டால் காயிலையும் மாற்றியாக வேண்டும்.

ஆயுத பூஜைக்கு வாட்டர் வாஷ் விட்டு எடுத்த மறுநாளிலிருந்து மிஸ் அடிக்கிறது.

எஞ்சின் மேல் அழுத்தத்தோடு தண்ணீர் அடித்ததில், பிளக் உட்கார்ந்திருக்கும் ஆழ்குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். நீர் வழியே மின்சாரம் எஞ்சின் உடலுக்குப் போய்விடுவதால் பொறி பிறக்காது. காயிலைக் கழற்றி, குழிக்குள் ஏர் அடித்து, காயில் உறையையும் துடைத்து நிழலில் உலர்த்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புதுக் காயில் வாங்க அவசரப்பட வேண்டாம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பீங்கானில் மேலே சொன்ன கறுப்புக் கோடு விழுந்து உண்மையாகவே செலவு வந்துவிடும். இனி எஞ்சின் அறைக்குத் தண்ணீர் வேண்டாம், ஈரத்துணி போதும் என்று சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரைக் கடந்த பின் மிஸ் வந்தாலும் முதலில் இதையே பாருங்கள்.

குழிக்குள் தண்ணீருக்குப் பதில் ஆயில் நின்றால் டேப்பெட் கவர் கேஸ்கெட்டும், பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீலும் போய்விட்டன. அதைச் சரிசெய்யாமல் காயிலை மட்டும் மாற்றினால், ஆயில் புது உறையையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

வண்டி நான்கு நாள் நின்ற பிறகு திடீரென்று ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக், காயில் எல்லாம் புதியவை.

எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில், அறுவடை முடிந்த பருவத்தில் எலிகள் கதகதப்பான எஞ்சின் அறையைத் தேடி வருவது வழக்கம். காயில் கனெக்டருக்குப் பின்னால் வரும் கம்பியை டார்ச் அடித்து முழு நீளத்துக்கும் பாருங்கள். கடிபட்ட கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது எஞ்சின் சூட்டில் நிலைக்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும்.

எந்தப் பிளக் வாங்குவது? இரிடியம் போட்டால் மைலேஜ் கூடுமா?

உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். நிக்கல் பிளக்கின் நடு முனை ஏறத்தாழ 2.5 மி.மீ. தடிமன், இரிடியத்தில் அது அரை மி.மீ. அளவுக்கு மெலிந்தது, அதனால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல் தாங்கும். ஆகவே நிக்கல் பிளக் பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீ. வரையும், இரிடியம் வண்டியைப் பொறுத்து ஒரு லட்சம் கி.மீ. வரையும் உழைக்கும். இரிடியத்தின் ஆதாயம் நீண்ட ஆயுள்தான். நல்ல நிலையில் உள்ள நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டு மைலேஜுக்காக அதைப் போடுவதில் பெரிய பலன் இல்லை. மாறாக, இரிடியத்துக்கென வடிவமைத்த எஞ்சினில் மலிவுக்காக நிக்கல் போட்டுவிட்டு, மாற்றும் தேதியை மறந்துவிடுவதுதான் காயிலைக் கொல்லும்.

வெப்பநிலை எண்ணிலும் கவனம் தேவை. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் பெரிதாகப் பெரிதாகப் பிளக் குளிர்ந்தது, அதாவது முனையின் சூட்டை விரைவாகக் கடத்திவிடும் வகை. பாஷ் பிளக்கில் எண் பெரிதானால் சூடானது. எண் ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்துக்குப் பதில் இன்னொன்றை வாங்கினால் தவறிவிடும். மரையின் விட்டமும் நீளமும் மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். நீளம் கூடிய பிளக், பிஸ்டனையே இடிக்கலாம். போலிப் பிளக்குகள் சந்தையில் உலவுவதால், நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குங்கள்.

சிஎன்ஜியில் மட்டும் மிஸ் ஆகிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் நன்றாக ஓடுகிறது. கேஸ் கிட்தான் பழுதா?

கிட்டைக் குறை சொல்வதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். சிஎன்ஜி கலவையில் பொறி பாயப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. அதனால் தேய்மானம் தொடங்கிய பிளக்கும் தளர்ந்த காயிலும் சிஎன்ஜியில்தான் முதலில் தடுமாறும். டாக்சியாக ஓடும் சிஎன்ஜி வண்டிகளில் பிளக் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்வதும், நிறுவனம் சொன்ன கேப்பை, அதாவது முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, ஒவ்வொரு சர்வீஸிலும் அளப்பதும் நல்லது.

பிளக்கை நானே மாற்றிக்கொள்ளலாமா? எப்படி?

பிளக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் வண்டிகளில் தாராளமாகச் செய்யலாம். சில வண்டிகளில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக்கே தெரியும்; அவற்றைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். வேண்டியவை: உங்கள் பிளக்கின் அளவுக்கு ஏற்ற, பெரும்பாலும் 16 மி.மீ. பிளக் சாக்கெட், நீட்டிப்புத் தண்டோடு ராட்செட், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச், கேப் அளக்கும் கம்பி கேஜ்.

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து (சிலிண்டர்களை மூடியிருக்கும் மேல்பகுதி) பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வந்துவிடும்; அந்தப் பழுதுக்கு ஆகும் செலவை நினைத்தால் இரவு முழுவதும் காத்திருப்பது பெரிதல்ல. சாவியை எடுத்துவிட்டு, காயில் கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். பல ஆண்டுச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலையில் இருக்கும், ஸ்குரூடிரைவர் போட்டு நெம்ப வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாகச் சற்றே திருகி, ஒட்டிய உறை விடுபட்ட பின் நேராக மேலே இழுங்கள். பிளக்கைத் தொடும் முன் குழிக்குள் ஏர் அடித்துத் தூசியை வெளியேற்ற வேண்டும். இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்; குழியில் கிடக்கும் மண்ணும் சிறு கல்லும், பிளக்கைக் கழற்றிய நொடியில் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறிவிடும். பஞ்சர் கடையில் உள்ள காற்றே போதும்.

பழைய பிளக் பாதியில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். சற்றே உள்ளே திருப்பி, துரு நீக்கும் ஆயில் சில சொட்டு விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுங்கள். புதுப் பிளக்கின் கேப்பை அளந்து பாருங்கள். பல கார்களில் அது 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும். இரிடியத்தின் மெல்லிய முனையை நெம்பினால் ஒடிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போட வேண்டாம், பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

பூட்டும்போது ராட்செட்டைத் தொடாமல், ஒரு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் மாட்டி விரலால் திருகுங்கள். மரை சரியாக விழுந்தால் எளிதாக இறங்கும்; கோணலாக விழுந்தால் குழாய் வழுக்கி நின்றுவிடும், ஹெட் தப்பிக்கும். அலுமினிய ஹெட்டில், வாஷரோடு வரும் 14 மி.மீ. மரைப் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் இறுக்கம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே இறுதி. டார்க் ரெஞ்ச் கிடைக்காவிட்டால், கையால் முழுவதும் இறுக்கிய பின், புது வாஷர் உள்ள பிளக்கை ஏறத்தாழ அரைச் சுற்று திருப்பினால் போதும். வாஷர் இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்குச் சுற்றே போதும். மரையில் கிரீஸ் பூசக் கூடாது: வழுக்கலால் அதே இறுக்க அளவில் பிளக் மிகையாக முறுக்கப்படும். காயில் உறையின் உள்வாயில் மட்டும், மின்சாரம் கடத்தாத சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம்.

ஒரு சிலிண்டரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கனெக்டர் பூட்டிக்கொள்ளும் ஓசை கேட்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பழைய பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் போடலாமா?

வேண்டாம். பொறி கூர்மையான விளிம்பிலிருந்து எளிதாகப் பாயும். தேய்ந்து மழுங்கிய விளிம்பை எந்தத் தாளும் திருப்பித் தராது. உப்புத்தாளின் துகள் பீங்கானில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். விலையுயர்ந்த உலோகம் வைத்த முனையைத் தேய்ப்பது அந்த உலோகத்தையே வழித்தெடுப்பதாகும்.

ஒரு காயில் போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

பிளக்குகளை எப்போதும் ஒரே தொகுப்பாகவே மாற்ற வேண்டும், ஏனெனில் அவை ஒரே வேகத்தில் தேய்கின்றன. காயில்களுக்கு இந்த விதி இல்லை. பழுதானது என்று இடமாற்றச் சோதனையில் நிரூபணமான ஒன்றை மட்டும் மாற்றி, அதே நாளில் எல்லாப் பிளக்குகளையும் புதிதாக்கிவிட்டால் மற்றக் காயில்கள் பல ஆண்டு உழைக்கும். வண்டி ஒரு லட்சம் கி.மீ. தாண்டி, குறுகிய காலத்தில் இரண்டாவது காயிலும் போனால் அப்போது முழுத் தொகுப்பை எண்ணிப் பார்க்கலாம். அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் நல்ல நிலையில் உள்ள பழைய காயில் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பது அதைவிட நல்ல யோசனை.

பிளக்கும் காயிலும் மாற்றியும் மிஸ் நிற்கவில்லை. அடுத்து என்ன?

மின்பொறி சரியாக இருக்கிறது என்றால் எரிபொருளையும் காற்றையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் போட்ட உடனே எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து தடுமாறத் தொடங்கியிருந்தால் டேங்கில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், பெட்ரோல் பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். ஒரே சிலிண்டர் என்றால் இன்ஜெக்டரை இடம் மாற்றிச் சோதியுங்கள். ஐடிலிங்கில் மட்டும் மிஸ் வந்து, வேகத்தில் மறைந்தால் இன்டேக் கேஸ்கெட் அல்லது வேக்குவம் குழாய் வழியாகக் காற்று கசிகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜை வைத்து எல்லாச் சிலிண்டர்களையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் பிளக் துளை வழியே சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள்: அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். நீண்ட நாள் சிஎன்ஜியில் ஓடிய வண்டியில் வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு முழுவதும் மூடாமல் நிற்பது அடிக்கடி காணும் காரணம் என்பதால், ஹெட்டைக் கழற்றும் முன் வால்வு கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் உறுப்புக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியை, அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.